நுரை வராத பை

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் துணி துவைப்பது ஆவுடையப்பனின் வேலை. மடத்தை நடத்திவந்த உலகம்மை அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அவர் உலகம்மையை ‘அம்மா’ என்பார். உலகம்மை அவரை ‘அண்ணாச்சி’ என்பார். குரு யார், சீடன் யார் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் குழப்பம் கிடையாது.

ஆவுடையப்பன் தென்காசியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். எதையும் கொஞ்சமாகச் செய்து பழகாத மனிதர். வந்த புதிதில் தியானத்துக்கு உட்கார்ந்தால் பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். உடம்பெல்லாம் புல்லரிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது அவருக்கும் தெரியும். பிடித்தும் இருந்தது.

துவைப்பதிலும் அப்படித்தான். மடத்தில் கடைச் சோப்பு வாங்குவதில்லை. பூந்திக்கொட்டையை உடைத்து, கறுப்பு விதையை எடுத்துப் போட்டுவிட்டு, மேல் ஓட்டை ஒரு சுருக்குப்பையில் கட்டி வெந்நீரில் ஊறவைப்பார்கள். கசக்கினால் நுரை வரும். துவைத்து முடித்ததும் பையைக் கொடியில் காயப்போட்டு, அடுத்த தடவைக்கும் அதையே எடுப்பார்கள்.

ஆவுடையப்பனுக்கு இந்தச் சிக்கனம் ஒத்துவரவில்லை. முழங்கை வரை நுரை ஏறினால்தான் அவருக்குத் துவைத்த மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் புது ஓடு, அதுவும் பை பிதுங்கப் பிதுங்க. பழசை வாழை மரத்தடியில் கொட்டிவிடுவார். உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் துவைத்த மடத்துத் துணியெல்லாம் லேசாகப் பழுப்பேறி மொடமொடத்துக் கிடந்தது. உலகம்மையின் வெள்ளைச் சேலை மட்டும் பளிச்சென்று இருக்கும். அவர் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்பவர். அது தவத்தால் வந்த வெளுப்பு என்று ஆவுடையப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பிறகு ஒருநாள் கண்ணீர் நின்றது. புல்லரிப்பும் போயிற்று. கண்ணை மூடினால் முழங்கால் வலிதான் தெரிந்தது. சரி, நாளைக்கு வரும் என்று உட்கார்ந்தார். வரவில்லை. மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. மனுஷர் உள்ளுக்குள் இடிந்துபோனார். கடைசியில் மகன் காந்திமதிநாதனுக்குப் போன் போட்டு, வந்து கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

மகன் உச்சிப்பொழுதில் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தான். ஆவுடையப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனார். உலகம்மை கிணற்றடியில் சேலை பிழிந்துகொண்டிருந்தார்.

“அம்மா, நான் கிளம்புதேன்.”

“எங்க அண்ணாச்சி?”

“வீட்டுக்குத்தான். மகன் வாரான்.”

“திரும்பி எப்ப வருவீங்க?”

“வரமாட்டேன் அம்மா.” மூட்டையைக் கீழே வைத்தார். “எனக்குள்ள எல்லாம் வத்திப்போச்சு. முன்னல்லாம் உக்காந்த உடனே பொங்கிக்கிட்டு வரும். இப்ப கட்டை மாதிரி உக்காந்திருக்கேன். சும்மா உக்காந்து எந்திரிக்கதுக்கு எதுக்கு மடம்? வீட்டு நாற்காலி போதாதா? இங்க உக்காந்து உங்களையும் ஏமாத்தி, என்னையும் ஏமாத்திக்கிட்டு… வெக்கமா இருக்கு.”

உலகம்மை சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

“மூட்டையில அழுக்குத் துணி இருக்கா?”

“நாலஞ்சு வேட்டி இருக்கு. அதை எதுக்குக் கேக்கீங்க?”

“இங்கத்து அழுக்கை வீட்டுக்குச் சுமந்துக்கிட்டுப் போவானேன்? ஒண்ணை எடுங்க.”

போகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று இருந்தது ஆவுடையப்பனுக்கு. ஆனாலும் அம்மா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. மூட்டையைப் பிரித்து ஒரு வேட்டியை உருவினார். உலகம்மை தன் வாளியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து நீட்டினார்.

ஆவுடையப்பன் பையைத் தண்ணீரில் முக்கிக் கசக்கினார். இன்னும் கசக்கினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“இதுல ஒண்ணுமே இல்லையே அம்மா. செத்துப்போன பை இது.”

“துவைங்க.”

“நுரையே வரலையே!”

“துவைங்க அண்ணாச்சி.”

வேண்டா வெறுப்பாகத்தான் துவைத்தார். கல்லில் அடித்தார், பிழிந்தார், மறுபடி முக்கினார். தண்ணீர் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போனது. ஆவுடையப்பன் கை நின்றது. வாளியைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசி, வேட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். இடுப்பு வேர்வையும் செம்மண் கறையுமாகக் கிடந்த வேட்டி அது. பழுப்புக்கூட முக்கால்வாசி போயிருந்தது.

பக்கத்துக் கொடியில் அம்மாவின் சேலை ஆடியது. அதைப் பார்த்தார். கையில் இருந்த பையைப் பார்த்தார்.

“உங்க சேலையும் இதுலதானா?”

“ஆமா.”

“இந்த ஓடு எந்தக் கடையில வாங்கினது?”

“வாழை மரத்தடியில பொறுக்கினது.”

ஆவுடையப்பனுக்குக் காது மடல் சுட்டது. “அது நான் கொட்டினதுல்லா?”

“நீங்க கொட்டினதுதான். நீங்க துவைக்க வந்த நாள்லேருந்து நான் புது ஓடு எடுத்ததே இல்ல.”

ஆவுடையப்பன் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாழை இலை ஒன்று காற்றில் கிழிந்து படபடத்தது. உலகம்மை கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“நெசமாவே தீந்துபோச்சுன்னா எப்படித் தெரியும்?”

உலகம்மை பையை வாங்கிப் பிரித்து ஒரு ஓட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“நசுக்கிப் பாருங்க.”

ஆவுடையப்பன் கட்டைவிரலால் அழுத்தினார். பாத்திரம் தட்டிப் பழகிய விரல். ஓடு வளைந்தது. விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

“தீந்துபோனா கூழாட்டம் கையோட வந்துரும்,” என்றார் உலகம்மை.

ஆவுடையப்பன் மறுபடி அழுத்தினார். மறுபடி நிமிர்ந்தது. அதைப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டினார். பிறகு மூட்டையிலிருந்த மற்ற வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். துண்டையும் போட்டார். மூட்டை கட்டிய துணியையும் உதறி அதையும் போட்டார். மேலே பையை வைத்து அமுக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. ஒருமுறை அடித்து நின்றது. பிறகு விடாமல் அடித்தது.

“அப்பா!” என்று காந்திமதிநாதன் தெருவிலிருந்தே கூப்பிட்டான்.

ஆவுடையப்பன் எழுந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கான் அம்மா. அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

உலகம்மை குனிந்து அவருடைய வாளியை வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்தார்.

“துணி ஊறுதுன்னு சொல்லுங்க.”