மிளகியின் இடது கண்

குளக்கரை அத்தி மரத்துக் குரங்குக் கூட்டத்தில் நீலாயிக்கு ஒரே மகள். பெயர் மிளகி.

மிளகி படு சுட்டி. மரப்பட்டை இடுக்கில் ஓடும் எறும்பைக்கூட விடமாட்டாள். ஆனால் தாவச் சொன்னால் முகம் வாடிவிடும். மற்றக் குட்டிகள் மரத்துக்கு மரம் பறக்கும். இவள் மட்டும் கீழே இறங்கி, தரையில் நடந்து, அடுத்த மரத்தில் ஏறுவாள். அம்மா பழம் வீசினால் கையை நீட்டுவாள். பழம் கையைத் தாண்டிப் போய்விடும்!

"உன் பொண்ணு சரியான பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாள் நீலாயியின் நாத்தனார் பூவாத்தா.

நீலாயிக்குச் சுருக்கென்று தைத்தது. கூடவே வீம்பும் வந்தது.

"மிளகி! குளத்துக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கே நாவல் கிளை, அதுக்குத் தாவு! இப்பவே!"

"அம்மா, வேணாம்மா..."

"தாவுடி!"

மிளகி தாவினாள். கிளைக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல்களை மூடினாள். காற்றுதான் கிடைத்தது. தொப்பென்று நீரில் விழுந்தாள். அங்கே ஊறிக் கிடந்த எருமை கொம்பால் தூக்கி விட்டிருக்காவிட்டால் மூழ்கியே போயிருப்பாள்.

"ஏம்மா, பிள்ளைய வளர்க்கிறியா, தண்ணியில வீசுறியா?" என்று சீறியது எருமை. "கொண்டலாத்திகிட்ட கூட்டிட்டுப் போ. குட்டிகளுக்குக் கண் பார்க்கிறவ அவதான். என் கன்னுக்கும் அவதான் பார்த்தா."

"கண்ணா? எறும்பையே எண்ணுறவ இவ! இவ கண்ணுக்கு என்ன குறை?" என்றாள் நீலாயி. வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாள் காலையிலேயே மிளகியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

கொண்டலாத்திப் பறவை கொண்டையை விரித்து மிளகியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு எதிர்க்கரையைக் காட்டினாள்.

"அங்கே ஒரு கொக்கு நிக்குதே, அதோட அலகு எந்தப் பக்கம் இருக்கு?"

"கிழக்கே!" என்றாள் மிளகி.

"இடது கண்ணைப் பொத்திக்கோ. இப்போ?"

"திரும்பிடுச்சு! மேற்கே!"

"பார்த்தியா அக்கா? நான்தான் சொன்னேனே!" என்று நிமிர்ந்தாள் நீலாயி.

"பொறு. மிளகி, இப்போ வலது கண்ணைப் பொத்து."

மிளகி பொத்தினாள். கொஞ்சம் தயங்கி, "கிழக்கே!" என்றாள். கொக்கு மறுபடியும் திரும்பியிருந்தது, விடை சரிதான். ஆனால் நீலாயி மகளின் கையைப் பார்த்துவிட்டாள். விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி!

நீலாயி தன் உள்ளங்கையால் அந்தக் கண்ணை இறுக மூடினாள்.

மிளகி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அம்மா, கொக்கு பறந்து போயிடுச்சா?"

கொக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

நீலாயி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "ஏன்டி கண்ணு, அம்மாகிட்ட சொல்லவே இல்ல?"

"எல்லாருக்கும் ஒரு கண்ணுல இப்படித்தான் மங்கலா தெரியும்னு நெனச்சேன்."

"பயப்படாதே நீலாயி," என்றாள் கொண்டலாத்தி. "வலது கண்ணே எல்லா வேலையையும் செஞ்சிடுது. இடது கண் சோம்பிப் போச்சு. ஒத்தைக் கண்ணால பார்த்தா தூரம் சரியாத் தெரியாது, அதான் தாவ முடியல. தினமும் காலையில நல்ல கண்ணை இலையால மூடிக் கட்டு. சோம்பின கண்ணுக்கு வேலை கொடு. குட்டியா இருக்கிறப்பவே செஞ்சா கட்டாயம் தேறும். வளர்ந்த பிறகு வந்தா ரொம்பக் கஷ்டம்!"

கட்டிய இலையை மிளகி முதல் நாளே பிய்த்து எறிந்தாள். "எல்லாரும் கேலி பண்றாங்க!"

"நல்லா இருந்த பொண்ணை ஒத்தைக் கண்ணியாக்கிட்டியே!" என்றாள் பூவாத்தா.

நீலாயி இன்னொரு இலையைப் பறித்துத் தன் வலது கண்ணிலேயே கட்டிக்கொண்டாள். "வாடி, ரெண்டு பேரும் கட்டிக்கலாம்!" என்று சொல்லிப் பக்கத்துக் கிளைக்குத் தாவினாள். கிளை இருக்குமென்று நினைத்த இடத்தில் கிளை இல்லை! கீழே புதரில் போய் விழுந்தாள். மிளகி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீலாயி சிரிக்கவில்லை. 'இத்தனை நாளும் என் பிள்ளை இப்படியா தாவினா? இதையா பயம்னு சொன்னோம்?' அன்றோடு மகளைத் திட்டுவதை விட்டாள்.

தினமும் காலையில் தாயும் மகளும் இலையைக் கட்டிக்கொண்டு புல்விதை பொறுக்கினார்கள். முதலில் மிளகிக்கு விதை எது, கல் எது என்றே தெரியவில்லை. அழுதாள். மறுபடியும் பொறுக்கினாள். ஒரு மழைக்காலம் வந்து போனது. கொக்கின் அலகு தெரிந்தது. அப்புறம் அது கவ்விய மீனும் தெரிந்தது! இலையைக் கழற்றிவிடச் சொன்னாள் கொண்டலாத்தி. அதன் பிறகு மிளகியைத் தரையில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஒருநாள் பூவாத்தா தன் கடைக்குட்டியை இடுக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் குட்டி பழத்தை மூக்கில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி... கொண்டலாத்தி எந்த மரத்துல இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வா, நானே கூட்டிட்டுப் போறேன்!" என்று எழுந்தாள் நீலாயி.

தன் பார்வையில் குறை இருப்பது பிள்ளைக்கே தெரியாது. ஆகவே பிள்ளையைப் பழிக்கும் முன் அதன் கண்ணைக் காலத்தோடு சோதித்துப் பார்க்க வேண்டும்.