நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு புள்ளி

“தாசில்தார் என்னையப் பார்த்துச் சிரிக்கிறாருங்க அம்மணி” என்றார் நஞ்சப்பன்.

அம்மணி என்றது தன் குருவை. குருவின் பெயர் துளசிமணி, வயது முப்பது. சீடருக்கு மீசை நரைத்தே பத்து வருஷம் இருக்கும். கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றபின், பூமிக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொள்ள அணை மேட்டு ஆய்வுக் குடிலுக்கு வந்து சேர்ந்தவர்.

“எதுக்குச் சிரிச்சாரு?”

“நடுக்கம் எங்க கிளம்புச்சுன்னு கேட்டாரு. கோரப்பட்டிக்கு அடியில, இல்லாட்டி எதிர்க்கரையில இலந்தக்காட்டுக்கு அடியிலன்னேன். நிலநடுக்கத்துக்குமா சின்ன வீடுன்னு கேக்கறாருங்க.”

துளசிமணியும் சிரித்துவிட்டாள்.

அன்று காலை பூமி லேசாக உதறிக்கொண்டது. இலந்தக்காட்டு எருமை ஒன்று, பால் கறந்தவனைத் திரும்பிப் பார்த்து ‘நீயா ஆட்டினாய்?’ என்று முறைத்ததாம்.

அடுத்த ஆட்டம் சின்னதா பெரியதா, யாருக்கும் தெரியாது. எந்த ஊர் ஓட்டு வீடுகளைக் காலி செய்வது என்று பொழுது சாய்வதற்குள் நஞ்சப்பன் சொல்லியாக வேண்டும்.

கருவிகளில் குறையில்லை. எறும்பு தும்மினாலும் கோடு போடும். ஆனால் அத்தனையும் அணையில் போய் முட்டுகிற ஒரே ரோட்டின் ஓரமாக, ஒரே வரிசையில் நின்றன. இரண்டு கரையும் அந்த வரிசைக்கு ஒரே தூரம் என்பதால், இடக்கரையா வலக்கரையா என்பது அவற்றுக்குப் பிடிபடவில்லை.

மென்பொருள் அதை மறைக்கவும் இல்லை. ஒரே கேள்வியை ஆயிரம் விதமாகத் தன்னையே கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புள்ளி வைத்தது. அந்தக் கரையில் பாதி, இந்தக் கரையில் பாதி. கொட்டி வைத்த கடுகு மாதிரி இரண்டு குவியல்.

“இனிமேல் சிரிக்க மாட்டாரு” என்று நஞ்சப்பன் மீசையைத் தடவினார். “மென்பொருள்ல ஒரு வரி சேர்த்துட்டனுங்க. ஆயிரத்துக்கும் சராசரி எடுத்து, ஒத்தைப் புள்ளி.”

“பார்த்தேன். யார் வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்கட்டும்னுதானே அதை இணையத்துல திறந்து போட்டிருக்கோம். பெரு நாட்டுல இருந்து ஒருத்தர்கூடக் கேட்டிருக்காரு, இந்த வரி எதுக்குன்னு.”

“அவருக்கு நம்ம தாசில்தாரைத் தெரியாதுங்க.”

“புள்ளி எங்க விழுந்துச்சு?”

“நடுத்தண்ணியில. ஒரு குடிசைகூட இல்லாத எடம். யாரும் வீட்டை விட்டு வர வேண்டாம்னு சொல்லிரலாம்.”

குரு மூலையில் கிடந்த துடுப்பை எடுத்தாள்.

“வாங்கண்ணா, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்.”

பரிசல் கிளம்பியது. கைபேசியைப் பார்த்துப் பார்த்து நஞ்சப்பன் வழி சொன்னார்.

“கொஞ்சம் இடப்பக்கம்... இன்னுங் கொஞ்சம்... போதுங்க. இதேதான். ஒரு முழம் தப்பாது.”

துளசிமணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரிங்கண்ணா, எறங்குங்க.”

“எங்கீங்க?”

“உங்க புள்ளி மேலதான்.”

நஞ்சப்பன் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீரும் அவரைப் பார்த்தது. இரண்டு தென்னையை ஒன்றன்மேல் ஒன்று நட்டாலும் ஓலை நனையும் ஆழம்.

பரிசல் தன் பாட்டுக்குச் சுற்றியது.

கோரப்பட்டி வந்தது. ஓடுகளுக்கு மேலே உலைப் புகை. கோரப்பட்டி போனது.

இலந்தக்காடு வந்தது. கல்யாண வீட்டு மைக் செட், பந்திக்கு வரச்சொல்லி ஊரையே கூப்பிட்டது. இலந்தக்காடு போனது.

மறுபடி கோரப்பட்டி.

“தலை சுத்துதுங்களாண்ணா?”

“இப்பத்தாங்க நின்னிருக்குது.”

நஞ்சப்பன் தாசில்தாருக்குப் போன் போட்டார்.

“என்னங்க வாத்தியாரே, ஒரு எடமா முடிவாச்சுங்களா?”

“இல்லீங்க. ரெண்டேதான். ரெண்டு ஊரும் இன்னைக்கு வெளியில படுக்கணும். நீங்க ஆளுகளை அனுப்புங்க. எங்களுக்கு இங்கிருந்து பரிசல்ல போறது பக்கம்.”

தாசில்தார் சிரிப்பது பரிசல் வரைக்கும் கேட்டது. நஞ்சப்பன் அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“சிரிச்சு முடிச்சாச்சுங்களா? ஜீப்பு எப்ப வரும்?”

துளசிமணி துடுப்பைத் தண்ணீரில் போட்டாள்.

“எந்தக் கரைக்குங்கண்ணா?”

“இலந்தக்காட்டுக்கு விடுங்க. பந்தியைத் தோப்புக்கு மாத்தச் சொல்லிட்டு, அப்படியே கோரப்பட்டி.”