பாஸ் கோட்டில் அப்பா

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவசரம் மட்டும் வேண்டாம். அன்று அந்த மேஜையைச் சுற்றி நின்று கைதட்டியவர்கள் எல்லோரும் அவசரப்பட்டவர்கள்தான்.

ஈப்போவில் அம்பலவாணன் என்றொருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் தானே சாப்பிட்டார். அளவைக் குறைக்க அவருக்குக் கை வரவில்லை.

மூத்த மகன் தயாபரன் கோலாலம்பூரில். இளையவன் கோகிலன் ஜொகூரில். "அப்பா இனிமே என்கூடத்தான்" என்று கருமாதி வீட்டிலேயே இருவரும் சொந்தக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார்கள். இருவரும் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஒருவரும் அழைத்துப் போகவில்லை.

அப்பாவுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று மூன்று நாள் கப்பல் பயணம் ஏற்பாடானது. இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் கப்பலின் காசினோவுக்குள் போனார்கள். கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்ட மேஜையில் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா, தூத்துக்குடிப் பெண். தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"ரொம்ப லேசு சார். ரெண்டு பகடைய அந்தக் கடைசிச் சுவத்துல பட்டுத் திரும்புற மாதிரி எறியணும். எறியிறவர் ஜெயிப்பார்னு நெனச்சா மேஜையில போட்டிருக்கற இந்தப் பாஸ் கோட்டுல பந்தய டோக்கன் வைங்க. தோப்பார்னு நெனச்சா டோன்ட் பாஸ். மொத எறியில ஏழோ பதினொண்ணோ வந்தா பாஸுக்கு ஜெயம். ரெண்டு, மூணு, பன்னெண்டுன்னா தோல்வி. வேற எது வந்தாலும் அதுதான் பாயிண்ட். அது மறுபடி வர்ற வரைக்கும் எறியணும். அதுக்குள்ள ஏழு வந்துட்டா டோன்ட் பாஸ் ஜெயிச்சிடும்."

கோகிலனுக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணே, எத்தன நாளைக்கு நான் நீன்னு பேசிக்கிட்டே இருக்கிறது? நீ பாஸ், நான் டோன்ட் பாஸ். ஜெயிக்கிறவன் வீட்டுக்கு அப்பா."

"அப்பாவே எறியட்டும்டா. அப்புறம் யாரும் யாரையும் கொற சொல்ல முடியாது" என்று தயாபரன் சிரித்தான்.

"வெளையாட்டுக்குத்தாம்பா" என்று கோகிலன் அவர் கையில் பகடையைத் திணித்தான். எறிகிறவர் பெயரிலும் ஒரு டோக்கன் வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. அவருக்கும் சேர்த்துத் தயாபரனே பாஸ் கோட்டில் வைத்தான். எங்கே வைக்கட்டும் என்று கேட்கவில்லை.

அம்பலவாணன் எறிந்தார். மூன்றும் ஒன்றும். நான்கு.

"பாயிண்ட் நாலு. கஷ்டம்தான் சார். நாலு வர மூணு வழிதான். ஏழு வர ஆறு வழி இருக்கு."

கோகிலன் டோன்ட் பாஸில் தான் வைத்திருந்த டோக்கனையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கு எதிரா நான் கட்ட மாட்டேன். என்னால முடியாது லா" என்று உரக்கச் சொன்னான்.

"புள்ளன்னா இப்படி இருக்கணும்!" என்றாள் பக்கத்தில் நின்ற பினாங்குக்கார அம்மாள். கைதட்டல் எழுந்தது. தயாபரனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவனும் தன் டோக்கனை நோக்கிக் கையை நீட்டினான். பகடைகளை இழுக்க ஸ்டெல்லா வைத்திருந்த கோல் குறுக்கே வந்தது.

"சாரி சார். பாயிண்ட் விழுந்தப்புறம் பாஸ்ல இருக்கறத எடுக்க முடியாது. டோன்ட் பாஸ்ல இருக்கறத எப்ப வேணா எடுக்கலாம்."

"இது என்ன நியாயம்?"

"இனிமே சாதகம் டோன்ட் பாஸ் பக்கம் சார். அவரா வந்து எடுத்துக்கிட்டா கம்பெனி வேணாம்னா சொல்லும்?"

அம்பலவாணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பகடைகளை ஓசைப்படாமல் மேஜையில் வைத்தார். "கை வலிக்குதும்மா. அடுத்தவங்க எறியட்டும்" என்றார். ஸ்டெல்லாவிடம்தான் சொன்னார். பிள்ளைகளைப் பார்க்காமல் வெளியே போனார்.

பகடை பினாங்கு அம்மாளிடம் போனது. அவள் மூன்றாவது முறை எறிந்ததில் இரண்டும் இரண்டும் விழுந்தன. தயாபரன் ஜெயித்துவிட்டான்.

மேல்தளத்தில் யாரோ ஒரு குடும்பம், "அங்கிள், ஒரு போட்டோ" என்று, கடலைப் பார்த்து நின்ற அம்பலவாணனிடம் கைபேசியை நீட்டியது. அவர் அவர்களை நெருங்கி நிற்கச் சொல்லி, இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கடலைப் பார்த்து நின்றார்.

தயாபரன் மூச்சிரைக்க வந்தான். "அப்பா, நான் ஜெயிச்சிட்டேன்! வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

"இல்லப்பா. நான் ஈப்போவுக்கே போறேன்."

அப்பாவுக்கு எதிராகக் கட்ட மாட்டேன் என்று ஒருவன் விலகினான். அப்பாவைத் தேடி வந்து ஒருவன் கூப்பிட்டான். கூப்பிட்டவனையும் வேண்டாம் என்றார் அப்பா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோகிலன் என்று சொல்பவர்கள் தயவுசெய்து பினாங்கு அம்மாள் பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். முதல் எறிக்கு முன்னால் டோன்ட் பாஸில் கட்டியபோது அவனுக்கு வலித்ததா? ஜெயித்துவிடுவோம் என்று ஆனபிறகு அல்லவா பாசம் பொங்கியது! ஜெயித்தால் அப்பாவைக் கூட்டிப் போக வேண்டுமே. தயாபரனின் டோக்கன் மேஜையில் நின்றது கணக்கில் சேராது. எடுக்க விட்டிருந்தால் அவனும் எடுத்திருப்பான். ஆனால் எதிராளி விலகியதுமே பந்தயம் செத்துவிட்டது. மேல்தளத்துக்கு அவனை யாரும் இழுத்து வரவில்லை, தானாக வந்தான். அதற்குப் பாதி மதிப்பெண். மறுபாதியை "ஜெயிச்சிட்டேன்" என்ற சொல் தின்றுவிட்டது. "வர்றீங்களாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், எட்டு மாதத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே அம்பலவாணன் செய்ததே சரி. சரியாகச் செய்த மனிதர்தான் மறுநாள் ஈப்போவில் பூட்டைத் திறந்து, ஆளில்லாத வீட்டுக்குள் போனார். அதையும் சரி என்று என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.