பந்தல்கால் நட்ட காலை

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சிற்றம்பலத்துக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட அறம்வளர்த்தம்மைக்கு அவரைவிட ஆறேழு வயது குறைவு. மலையடிவாரத்தில் கீற்றுக் குடில் போட்டு அம்மை தனியாக இருந்தார். அமாவாசைக்கு அமாவாசை சிற்றம்பலம் அங்கே போவார். கேட்க ஏதாவது இருந்தால் கேட்பார். இல்லாவிட்டால் விறகு பிளந்து போட்டுவிட்டுத் திரும்புவார். பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான்.

அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவரும் மனைவி தையல்நாயகியும் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். முதலாவது பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவது எட்டு மாதம் இருந்தது, முகம் பார்த்துச் சிரித்தது, மூன்று நாள் காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு வெகுகாலம் ஒன்றுமில்லை. இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு உமையாள் பிறந்தாள்.

பிறந்ததிலிருந்து சிற்றம்பலம் அவளைக் கீழே விடவில்லை.

கொடிக்காலுக்குப் போகும்போது துண்டைத் தோளோடு தூளியாகக் கட்டி அவளை மார்பில் போட்டுக்கொள்வார். சாப்பிடும்போது மடியில் இருப்பாள். சோற்றைக் கூழாகப் பிசைந்து அவர்தான் ஊட்டுவார். அவள் தட்டில் கைவைத்தால் விரல்களைத் துடைத்துவிட்டு அடுத்த வாயை அவரே வைப்பார். தரையில் எறும்பு, முற்றத்தில் கல், வாசலில் படி. அவருக்குப் பூமியே பல் முளைத்த ஒன்றாகத் தெரிந்தது.

உமையாளுக்குப் பதினாறு மாதமாயிற்று. அவளுக்குப் பிறகு பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை தெருவில் ஓடினான். இவள் தவழக்கூட இல்லை. வைத்தியர் வந்து காலைப் பிடித்துப் பார்த்தார், நீட்டி மடக்கிப் பார்த்தார். காலில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று தையல்நாயகி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். என்னவென்று கணவர் கேட்டார். அடுத்த அமாவாசைக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னாள்.

மூவரும் குடிலுக்கு வந்தபோது காலை வெயில் அப்போதுதான் முற்றத்துக்கு வந்திருந்தது. சிற்றம்பலம் வணங்கிவிட்டு, குழந்தையை இறக்காமலே கேட்டார்.

“அம்மா, இவள் எப்போது நடப்பாள்?”

அம்மை குழந்தையைப் பார்த்தார். குழந்தை அம்மையைப் பார்க்கவில்லை. முற்றத்தின் கோடியில் கல்தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு மைனாக்கள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன. அவள் கண் அங்கே இருந்தது.

“கொடியைக் கட்டாமல் விட்டால் சரிந்துவிடும், அம்மா,” என்றார் சிற்றம்பலம், யாரும் கேட்காமலே. “அதனால்தான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.”

“இவள் வெற்றிலை இல்லை,” என்றார் அம்மை.

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை. குடிலுக்கு முன்னால் இருந்த பந்தலின் நடுக்காலைக் கறையான் அரித்துவிட்டது என்றும், புதுக்கால் ஒன்று வெட்டி வைத்திருப்பதாகவும், ஆள் வந்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார். பழைய காலைப் பிடுங்கிப் புதியதை நடும்வரை மேலே குறுக்கு மூங்கிலைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். குழி தோண்டுவதை அம்மையே பார்த்துக்கொள்வார்.

சிற்றம்பலம் தயங்கினார். குருவின் சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. முற்றத்துப் புங்கமரத்தடியில் பாய் விரித்து உமையாளை உட்கார வைத்தார். பக்கத்தில் தையல்நாயகி உட்கார்ந்தாள். மரத்துக்கும் பந்தலுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அவர் பந்தலுக்கடியில் போய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி மூங்கிலைப் பிடித்தார். அம்மை பழைய காலை அசைத்துப் பிடுங்கினார். பந்தலின் பாரம் முழுவதும் சிற்றம்பலத்தின் கையில் இறங்கியது.

அம்மை அவர் காலடியில் குந்தி, கடப்பாரையால் குழியை ஆழப்படுத்தத் தொடங்கினார். கையை விட்டால் பந்தல் அம்மையின் தலையில்தான் விழும்.

குழந்தை சற்றுநேரம் பாயில் இருந்தாள். பிறகு முன்னால் சாய்ந்து கைகளை ஊன்றினாள். பாய் முடிந்தது. மண்ணில் கைவைத்து, கையைத் தூக்கிப் பார்த்து, மறுபடி வைத்தாள். அவள் மரத்தைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் ஆடியது. மரத்தை விட்டாள்.

விழுந்தாள். முகம் மண்ணில் பட்டது. மோவாய் சிராய்ந்து ரத்தம் கசிந்தது. அவள் வீறிட்டாள்.

“தையல், தூக்கு,” என்றார் சிற்றம்பலம்.

தையல்நாயகி கணவரைப் பார்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. அவள் தூக்கவில்லை.

மறுபடி சொன்னார். அவள் நகரவில்லை. பதினாறு மாதமாக அவள் கணவர் சொன்னதை எதிர்த்து ஒன்றும் செய்ததில்லை. இப்போது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மையின் கடப்பாரை நிற்கவில்லை.

அழுகை மெல்லத் தேய்ந்தது. யாரும் வரவில்லை என்று உமையாளுக்குப் புரிந்தது போலிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். தொட்டியில் மைனா ஒன்று சிறகை உதறியது. அவள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். கைகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, இந்த முறை மரமில்லாமலே எழுந்தாள்.

ஒரு அடி வைத்தாள். நின்றாள். அகலக் கால்வைத்து இன்னொரு அடி. கைகள் இரண்டும் தோளுயரத்துக்கு விரிந்திருந்தன. மூன்று, நான்கு. தகப்பன் நிற்கும் பக்கமாகத்தான் வந்தாள். கடைசி இரண்டடியை ஓட்டமும் விழுவதுமாகக் கடந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய சின்ன நெஞ்சு அவர் காலில் படபடவென்று அடித்துக்கொண்டது.

அந்தத் துடிப்பு அவர் உடம்பு முழுவதும் ஏறியது. அவர் குனிந்து பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மோவாயில் ரத்தமும் மண்ணுமாக, நான்கு பல்லும் தெரியச் சிரித்தாள்.

பிறகு அவர் காலை விட்டுவிட்டு, பந்தலைத் தாண்டி, தொட்டியை நோக்கி நடந்தாள்.

“அம்மா, காலைச் சீக்கிரம் நடுங்கள்,” என்றார் சிற்றம்பலம். “அவள் போகிறாள்.”

“கால் நட்டாயிற்று,” என்றார் அம்மை. “மண் போட்டு மிதித்தும் ஆயிற்று.”

அவர் திரும்பிப் பார்த்தார். புதுக்கால் குழியில் நிமிர்ந்து நின்று மூங்கிலைத் தாங்கிக்கொண்டிருந்தது. அம்மை கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். உமையாள் இரண்டாம் முறை எழுந்து நின்றபோதே வேலை முடிந்திருந்தது. சிற்றம்பலத்தின் கைகள்தான் இன்னும் மேலேயே இருந்தன.

கைகளை இறக்கினார். இரண்டும் மரத்துப்போயிருந்தன. தையல்நாயகி எழுந்து வந்து அவர் அருகில் நின்றாள். அவர் முழங்கையைத் தேய்த்துவிட்டாள். இருவரும் மகளின் முதுகைப் பார்த்தார்கள். இதுவரை அந்த முதுகை அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் பார்த்ததே இல்லை.

“என்னிடம் வருகிறாள் என்று நினைத்தேன், அம்மா. என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.”

“நன்றாகப் போகிறாள்.”

மைனாக்கள் பறந்தன. உமையாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்து, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு ஓங்கி அடித்தாள். தண்ணீர் முகத்தில் தெறித்தது. மறுபடி அடித்தாள். அவள் போட்ட கூச்சல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

சிற்றம்பலத்தின் கண் நிறைந்து வழிந்தது. முகத்தைத் துடைக்கவும் கை எழவில்லை.

“இனி நான் அவளுக்கு என்ன செய்வது, அம்மா?”

“திரும்பிப் பார்க்கிறாள், ஐயா,” என்றார் அறம்வளர்த்தம்மை. “சிரியுங்கள்.”