ஹாரன் இல்லாத மாப்பிள்ளைக் கார்

மாப்பிள்ளை ஊர்வலம் ஊர்ந்து போனதில் கார் கொதித்துவிட்டது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. முன்சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா குழைக்காதர், ரிட்டயர்டு தாசில்தார், எட்டி எட்டி ஹாரனை அமுக்கியபடி டிரைவர் செல்லக்கிளியிடம் கத்தினார்.

"வழியில நின்னா அபசகுனம்! பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைக்கிற நேரம்தான் உனக்கு. அதுக்குள்ள சரியாகணும்!"

கோயில் வாசலில் செல்லக்கிளி பானெட்டைத் திறந்தாள். ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தாள், சுற்றியது. அப்படியானால் ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி, அதன் ரிலேதான் போய்விட்டது. பக்கத்தில் அச்சு அசலாக அதே மாதிரி ஹாரனுடைய ரிலே. அதைப் பிடுங்கி இங்கே செருகினாள்.

ஃபேன் சுற்ற, கார் கிளம்பியது. குழைக்காதர் ஹாரனை அமுக்கினார். சத்தமே இல்லை.

"என்னம்மா இது?"

"ஹாரனோட ரிலேயைக் கழட்டித்தான் ஃபேனுக்குப் போட்டேன், ஐயா. கூட்டம் விலகலைன்னா வண்டி நின்னுரும். நின்னா அபசகுனம்னு நீங்கதான் சொன்னீங்க. ஹாரனைவிடச் சத்தம் உங்க தொண்டையில இருக்கே!"

மண்டபம் வரை தாசில்தார் காருக்கு முன்னால் நடந்தார். "வழி விடுங்க! வழி விடுங்க!" என்ற அவர் கத்தலுக்குத் தவில்காரர் தாளம் தப்பாமல் வாசித்தார்.