ராஜா ஜெயித்ததை யாரும் பார்க்கவில்லை

முன்னொரு காலத்தில், மேகங்கள் தெருவுக்குள் இறங்கி உலாவுகிற முகில்வாடி என்ற மலைநாட்டை இளஞ்சித்திரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

அவர் அவையில் அனங்கபூபதி என்றொரு பிரபு. கனவுக்கோட்டை என்ற ஆட்டத்தை உண்டாக்கியவர் அவர். பெரிய மரப்பலகையில் செதுக்கிய குட்டி அறைகள்; சோழியை உருட்டினால் ஒரு கதவு திறக்கும். ஓர் அறையில் கிணற்றுக்குள் நிலா கிடக்கும். இன்னொன்றில் நட்சத்திரம் மேயும் மான் நிற்கும். அழகான ஆட்டம், பொய் சொல்லக்கூடாது. ராஜாவுக்கு அதில் பைத்தியம். ஆனால் கடைசி அறையை அவர் மட்டுமல்ல, யாருமே எட்டியதில்லை.

கடைத்தெருவில் அல்லியங்கோதை என்றொரு பெண் இருந்தாள். அந்தி சாய்ந்ததும் வெள்ளைத்துணி கட்டி, பின்னால் விளக்கேற்றி, நடுவே பலகையை வைத்துக் கனவுக்கோட்டையை ஆடுவாள். அறைகளின் நிழல் துணியில் விரியும். "ஐயையோ, மான் என்னைப் பாத்துட்டுதே! இப்ப எந்தக் கதவு வழியா ஓட?" என்று பதறிக்கொண்டே ஆடுவாள். பனி திரையைச் சூழ, நிழல் மான் நிஜமாகவே நடக்கும். பார்த்தவர்கள் தூக்கத்திலும் அந்தக் கோட்டைக்குள் அலைந்தார்கள்.

நாளடைவில் ஊரே அதை 'அல்லி கோட்டை' என்றது. பிரபுவுக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, என் ஆட்டத்தை அவள் திருடிக் காட்டுகிறாள். ஆடுபவர் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது, நடந்ததை வெளியே சொல்லவும் கூடாது என்று ஆணையிடுங்கள்!"

ராஜா கொட்டாவி விட்டார். "அப்படியே ஆகட்டும். மீறினால் நாடு கடத்தல்."

சேவகர்கள் துணியைக் கிழித்து விளக்கைப் பிடுங்கினார்கள். அல்லியங்கோதை அவைக்கு ஓடிவந்து அழுதாள். "கோட்டை அவரோடதுதான் மகாராஜா. அதுக்குள்ள நான் பயந்ததும் சிரிச்சதும் என்னோடது இல்லையா? இதை விட்டா எனக்குப் பொழைப்பு ஏது?"

"ஆணை ஆணைதான்," என்றார் ராஜா.

மந்திரி குணசாகரர் எழுந்தார். "மிகச் சரி, மகாராஜா. அதை நம் அவையிலிருந்தே தொடங்குவோம்." அல்லியங்கோதை அவரை முறைத்தாள். பாவம், அவளுக்கென்ன தெரியும்?

மறுநாள் ராஜாவும் பிரபுவும் ஆட உட்கார்ந்தார்கள். ராஜா சோழி உருட்டினால் அவையே "பேஷ்!" போடவேண்டும், புலவர் பாடவேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று மந்திரி கண்ணைக் காட்ட, சேனாபதி முதல் விசிறி வீசுகிறவர் வரை எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்தது. சோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று பார்த்து அதிர்ஷ்டம் கொட்டியது. கதவுக்கு மேல் கதவாகத் திறந்து, ராஜா கடைசி அறைக்குள்ளேயே போய்விட்டார்!

"ஜெயித்துவிட்டேன்! புலவரே, பாடும்!"

"எதைப் பாட, மகாராஜா? நான் பார்க்கவில்லையே."

"சேனாபதி, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு..."

"மகாராஜா!" என்று தடுத்தார் மந்திரி. "சொன்னால் நாடு கடத்தல். தங்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது?"

ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்நாளில் ஒரே ஒரு வெற்றி. அதைக் கேட்க ஒரு காது இல்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆணை ரத்து!" என்று கத்தினார். "எல்லோரும் திரும்புங்கள்! உள்ளே ஒரு கூட்டம் இருக்கிறது ஐயா! குட்டிக் குட்டி மனிதர்கள், அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள்!"

அவை "பேஷ்!" என்று அதிர்ந்தது. ராஜா பிரபுவின் பக்கம் திரும்பினார். "பார்க்க ஆள் வேண்டுமென்று மரத்திலேயே செதுக்கி வைத்தவர் நீர். நிஜக் கூட்டத்தை ஏன் விரட்டினீர்?"

"அவர்கள் என் பெயரைச் சொல்வதில்லையே, மகாராஜா," என்றார் பிரபு.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. அல்லியங்கோதைக்கு ராஜாவின் வெண்பட்டு மேலாடையே திரையானது. ஆட்டம் தொடங்குமுன் அவள் பிரபுவின் பெயரைச் சொல்லவேண்டும், பிரபு தம் கையால் அவள் விளக்கைப் பிடிக்கவேண்டும் என்று தீர்ப்பானது.

அந்தியில் பனி இறங்கியது. "இது அனங்கபூபதி ஐயா கட்டின கோட்டை!" என்றாள் அல்லியங்கோதை. கடைத்தெரு முழுக்கக் கைதட்டியது. பிரபு விளக்கோடு கூட்டத்தை எட்டிப் பார்த்ததில், திரையில் கோட்டையே லேசாக அசைந்தது. "ஐயா, ஆடாமப் பிடிங்க," என்றாள் அவள். பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பிடித்தார்.