வள்ளாயி முதுகில் விழுந்த கீறல்

அந்தக் காலத்தில், நாலு கால் உள்ளதெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, நிலத்து ஆமைகள் அத்தனைக்கும் ஒரே மாதிரி ஓடுதான். கவிழ்த்து வைத்த மண்சட்டிபோல வழவழவென்று இருக்கும். மலையாமை எது, பொட்டலாமை எது என்று பெற்ற தாய்க்கே சட்டென்று தெரியாது.

பனிச்சி மலையாமைப் பெண். பொட்டல்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் கூட்டத்து வழக்கப்படி, பனி தொடங்கும் முன்பே தீனியை நிறுத்தி, வயிற்றைக் காலியாக்கிக்கொண்டு, குளிர்ந்த குழியில் இறங்கித் தூங்கிவிட வேண்டும். வெயில் திரும்பிய பிறகுதான் எழுந்திருப்பாள். பொட்டலாமைகளுக்கு இந்தச் சோலியே கிடையாது. மார்கழியிலும் பாறைமேல் வெயில் காய்ந்தபடி எதையாவது மென்றுகொண்டிருப்பார்கள்.

பனிச்சியின் நாத்தனார் வள்ளாயிக்கு வாய் சும்மா இராது. கௌதாரி மாதிரி கூவுவாள். நரி மாதிரி இருமுவாள். அண்ணன் குரலில் அதட்டி மதினியை அலறவைப்பாள்.

அந்த வருஷம் பனிச்சிக்குக் குழி தோண்ட வந்தவர் பெருச்சாளி தொந்தியப்பன். பார்வை மங்கல், காதை நம்பிப் பிழைப்பவர். ஓடைக்கரை ஈரமண்ணில் ஆழமாகத் தோண்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோவைப்பழத்தை வயிறு முட்டத் தின்றபடி அந்தப் பக்கம் வந்தாள் வள்ளாயி. மூடிய குழிக்குள்ளிருந்து நரி இருமினால் இவர் எவ்வளவு தூரம் ஓடுவார் என்று பார்க்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

சத்தமில்லாமல் இறங்கி, பனிச்சியின் குரலில் இழுத்து இழுத்துச் சொன்னாள்: “மாமா, கண்ணைச் சொக்குது. மூடிடுங்க.”

“நல்லாத் தூங்கு தாயி” என்று மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டார்.

இருமத்தான் வாயைத் திறந்தாள். குளிர் முந்திக்கொண்டது. கால் மரத்தது, கழுத்து உள்ளே போயிற்று, குரல் வரவில்லை.

பிறகு பனிச்சி வந்து, தன் குழி எங்கே என்று கேட்டாள். இப்போதுதானே உன்னை மூடினேன், விளையாடுகிறாயா என்று தொந்தியப்பன் எரிந்து விழுந்தார். ஓரத்தில் சிந்திக்கிடந்த கோவைப்பழத்தைப் பார்த்ததும் பனிச்சிக்கு விளங்கிவிட்டது.

“மாமா, உள்ள கிடக்கிறது வள்ளாயி. அவங்க ஆட்களுக்குக் குளிர் ஆகாது. வயித்துல இருக்கிற தீனியே அழுகி அவளைக் கொன்னுடும். தோண்டுங்க.”

தொந்தியப்பன் பதறிப்போய்த் தோண்டினார். ஓடு தட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் நகத்தை ஊன்றி, நாலாபுறமும் கீறிக் கீறி மண்ணைத் தள்ளினார். கீறலுக்குள் மஞ்சள் களிமண் ஏறி அப்பிக்கொண்டது.

வள்ளாயியை வெயிற்பாறைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பனிச்சி தன் தூக்கத்தை அடக்கிக்கொண்டு, காற்றை மறைத்து அவளருகே உட்கார்ந்திருந்தாள். பாறை நன்றாகச் சுட்ட பிறகு ஒரு கண் திறந்தது. மதினி என்று கூப்பிடத்தான் வள்ளாயி வாயெடுத்தாள். வந்தது வெறும் ‘ஸ்ஸ்’.

களிமண்ணை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரம்.

பனிச்சி குழிக்குத் திரும்பி, மூடச் சொன்னாள். தொந்தியப்பன் அவள் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. முதலில் முதுகைத் தடவிப் பார்த்தார்.

“வழவழன்னு இருக்கு. இப்ப இறங்கு தாயி.”

அன்று முதல்தான், ஆமையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பனிக்காலம் வந்தால் முதலில் அதன் முதுகைப் பார்க்கிறார்கள். நட்சத்திரம் இருந்தால், அது வள்ளாயி வம்சம் என்று வெயிலும் தீனியும் கொடுத்து விழித்திருக்க விடுகிறார்கள். அதைக் கையில் தூக்கினால், நரி மாதிரி இருமப் பார்த்து, இன்னமும் ‘ஸ்ஸ்’ என்றுதான் சொல்கிறது.